மேல் தாடை இம்ப்ளாண்டும் எலும்புத் தூளும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மேல் தாடையில் எலும்பு போதாது, எலும்பு வைத்த பிறகுதான் இம்ப்ளாண்ட்" என்று பல் வைத்தியர் சொன்னதும் பலருக்கு வாயடைத்துவிடும். இம்ப்ளாண்ட் என்பது, போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் திருகாணி. அதன் மேல்தான் பல் வைப்பார்கள். டொக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு, வெளியே வாங்கில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துச் சனங்கள் அப்படி வெளியே வந்து கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் வாயைப் பார்த்தவர் சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

கீழ்த் தாடைக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். மேல் தாடைக்கு மட்டும் ஏன் எலும்பு வைக்க வேண்டும்?

மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே, கன்னத்துக்கு உள்ளே, காற்று நிரம்பிய ஓர் அறை இருக்கிறது. அதுதான் சைனஸ். தடிமன் பிடித்தால் கன்னம் கனக்கிறதே, அந்த இடம். பல் இருக்கும்வரை அறையும் எலும்பும் அதனதன் இடத்தில் இருக்கும். பல்லைப் பிடுங்கியதும் கீழிருந்து எலும்பு கரைகிறது, மேலிருந்து சைனஸ் கீழே இறங்குகிறது. நடுவில் மிஞ்சுவது சிலருக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். சாதாரண இம்ப்ளாண்ட் திருகாணி எட்டு, பத்து மில்லிமீட்டர் நீளம். இறங்க இடமில்லை. அதனால்தான் சைனஸின் உட்பக்கச் சவ்வை மேலே தூக்கி, அதன் அடியில் எலும்புத் தூளை வைத்து இடம் உண்டாக்குகிறார்கள்.

இன்னொன்று, மேல் தாடையின் பின்பக்க எலும்பு இயல்பிலேயே மிருதுவானது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். கீழ்த் தாடை அளவுக்குத் திருகாணியை இறுக்கிப் பிடிக்காது.

பல் பிடுங்கிய ஒரு வருடத்துக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். இருபத்தைந்து வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிடுங்கிய பல்லுக்கு ஐம்பது வயதில் வழி தேடி வருகிறவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களுக்கு எலும்பு இல்லாமல் போனது யாருடைய குற்றமும் இல்லை.

உள்ளே வைக்கும் பொருள் அப்படியே எலும்பாகிவிடுமா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வைக்கும் தூளில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் கிடையாது. முள்முருக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு மிளகுக் கொடி ஏறுகிற மாதிரி, அந்தக் குறுணல்களைப் பிடித்துக்கொண்டு உங்கள் சொந்த எலும்பு வளர்ந்து வருகிறது. அதை வளர்ப்பது உங்கள் இரத்தமும் உங்கள் எலும்புச் செல்களும்தான். தூளின் வேலை, இடம் இடிந்துவிடாமல் பிடித்துக் கொடுப்பது.

அதனால்தான் எந்தத் தூள் என்ற கேள்வியில் உங்கள் விருப்பத்துக்கு நிறைய இடம் இருக்கிறது என்று நான் சொல்வேன். சமயம், மனச்சங்கடம், கைக்காசு என்று எந்தக் காரணத்தைச் சொன்னாலும் சரி. வெட்கப்படாமல் கேட்டு, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

நான்கு. உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கும் எலும்பு. இறந்த மனிதர் தானம் கொடுத்த எலும்பு. மிருக எலும்பு; பெரும்பாலும் மாடு, சில கம்பெனிகளில் பன்றி அல்லது குதிரை. கடைசியாக, ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்யும் கல்சியம் பொஸ்பேட் வகைகளும் பயோகிளாஸ் எனும் கண்ணாடி வகையும். இவற்றில் இரண்டைக் கலந்து வைப்பதும் வழக்கம்.

மாட்டெலும்பு என்கிறார்களே, உண்மையா? நாங்கள் சைவம்.

உண்மைதான். உலகம் முழுக்க அதிகம் பாவிக்கப்படுவதும், அதிகம் ஆராயப்பட்டதும் மாட்டெலும்புத் தூள்தான். சுவிட்சர்லாந்துத் தயாரிப்பான பயோ-ஓஸ் அதில் பேர்போனது. எலும்பைச் சூடாக்கி, இரசாயனத்தில் கழுவி, இறைச்சி, கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். மிஞ்சுவது கனிமம் மட்டும். சின்னப் போத்தலில், கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையான வெள்ளைக் குறுணலாக வரும். மணம் கிடையாது.

பைத்தியமாட்டு நோய் வருமா என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. பல் சிகிச்சைக்கு வைத்த மாட்டெலும்புத் தூளால் அந்த நோய் தொற்றியதாக இதுவரை பதிவு எதுவும் இல்லை.

இதன் குணம், மிக மெதுவாகக் கரைவது. பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்த மாதிரிகளிலும் குறுணல்கள் அப்படியே இருந்திருக்கின்றன. குறை போலத் தெரியும், ஆனால் சைனஸ் பக்கத்தில் இதுவே நல்லது. தூக்கி வைத்த இடம் திரும்பச் சுருங்காமல் காக்கிறது.

சரி, மருத்துவம் இப்படி. மனசு? மாட்டை லட்சுமி என்று கும்பிடுகிற, மாட்டுப் பொங்கல் வைக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. "தூள்தானே, அதில் என்ன" என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் இடத்தில் இல்லை என்று அர்த்தம். எனக்கு மாட்டெலும்பு வேண்டாம், செயற்கை எலும்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது. கேட்காவிட்டால் வழக்கமாக வைப்பதைத்தான் வைப்பார்கள். கையெழுத்து வாங்கும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அதில் எங்கோ ஒரு வரியில் அந்தப் பெயர் போய்விடும்.

செயற்கை எலும்புதான் கேட்டேன். அத்துடன் முடிந்ததா?

முடியவில்லை. பலர் கவனிக்காமல் விடுகிற இடம் இது. தூளுக்கு மேல் ஒரு மெல்லிய சவ்வு போர்த்துவார்கள், ஈறு உள்ளே புகுந்து எலும்பின் இடத்தைப் பிடித்துவிடாமல் இருக்க. தானாகக் கரையும் அந்தச் சவ்வு பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அது வருவது பன்றித் தோலிலிருந்து, அல்லது மாட்டின் தசைநாரிலிருந்து. இரத்தம் நிறுத்த வைக்கும் பஞ்சு சிலவேளை பன்றி ஜெலட்டின். தூள் செயற்கை, சவ்வு பன்றி என்றால் நீங்கள் கேட்டதற்கு அர்த்தமில்லாமல் போகும்.

ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "தூள், சவ்வு, பஞ்சு, மூன்றும் எதிலிருந்து வந்தவை?" மிருகம் வேண்டாதவர்களுக்குச் செயற்கைச் சவ்வு உண்டு, சொந்த இரத்தத்தில் செய்யும் சவ்வும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

கண்டி, அக்குறணை, மாவனெல்லைப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்களும் பன்றி பற்றி இதையே கேட்கிறார்கள். வேறு வழியில்லாத மருந்துக்கு இடமுண்டு என்று சொல்லும் உலமாக்கள் உண்டு. மாற்று இருக்கும்போது கூடாது என்பவர்களும் உண்டு. இங்கே மாற்று இருக்கிறது என்பதை உங்கள் மௌலவியிடம் சொல்லிக் கேட்பது நல்லது.

இறந்தவரின் எலும்பு என்றால் பயமாக இருக்கிறது.

கண் தானத்துக்குப் பேர்போன நாடு நம்முடையது. கொழும்பில் கண் தானச் சங்கத்தின் கீழ் 1996 முதல் மனிதத் திசு வங்கியும் இயங்குகிறது. தானம் கொடுத்தவரின் இரத்தத்தை எயிட்ஸ், கல்லீரல் அழற்சி போன்றவற்றுக்குச் சோதித்து, எலும்பை உறைய வைத்து உலர்த்தி, பிறகு கிருமி நீக்குவார்கள். செல்கள் எதுவும் உயிரோடு இருக்காது. சிறுநீரகத்துக்குப் போல இரத்த வகை பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை.

கனிமத்தை நீக்கிய மனித எலும்புக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. புது எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் அதில் மிஞ்சியிருக்கும். அமெரிக்க வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் இதை வெளியிட்டார். அதே வருடம்தான் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு டைட்டேனியம் இம்ப்ளாண்ட் வைத்தார். ஆனால் புட்டிக்குப் புட்டி அந்தத் தூண்டும் சக்தி ஒரே அளவாக இருப்பதில்லை.

சொந்த எலும்புதானே எல்லாவற்றிலும் சிறந்தது?

உயிருள்ள செல்களோடு வருவது அது மட்டும்தான். சீக்கிரம் ஒட்டும், எந்தச் சமயத்துக்கும் சங்கடமில்லை, தூளுக்குக் காசும் இல்லை. ஆனால் எடுக்கும் இடத்தில் இன்னொரு காயம். நாடியிலிருந்து, அதாவது முகவாயிலிருந்து, எடுத்தால் கீழ் முன்பற்களும் உதடும் சில மாதம் மரத்துப்போகலாம், சிலருக்கு அது நீடிக்கும். ஞானப்பல்லுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் தொந்தரவு குறைவு, கிடைக்கும் அளவும் குறைவு. தாடை முழுக்கக் கரைந்தவர்களுக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். அதற்கு மயக்க மருந்தும் ஆஸ்பத்திரியில் தங்குவதும் வேண்டும். சொந்த எலும்பு சீக்கிரம் கரையவும் செய்யும். அதனால் கொஞ்சம் சொந்த எலும்பைச் சுரண்டித் தூளோடு கலப்பது பல டொக்டர்மாரின் கைப்பழக்கம்.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது?

சைனஸ் வேலைக்கு இன்ன தூள் வைத்தால்தான் இம்ப்ளாண்ட் நிற்கும் என்று எந்த ஆய்வும் அடித்துச் சொல்லவில்லை. நல்ல கையால் செய்தால் எல்லா வகையிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிற்கின்றன. உங்கள் மனசு ஒப்புகிற, செய்கிற டொக்டர் அதிகம் கையாண்டு பழகிய பொருள் எதுவோ, அதுவே நல்ல தேர்வு. விலை கூடியது நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

என் இரத்தத்தை எடுத்துச் சுழற்றி வைப்போம் என்றார்கள். அது என்ன?

பி.ஆர்.எஃப். என்பார்கள். கையிலிருந்து சில குழாய் இரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றினால் நடுவில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று திரளும். அழுத்தினால் சவ்வாகிவிடும். 2001இல் பிரான்சில் ஷுக்ரோன் என்ற வைத்தியர் அறிமுகப்படுத்திய முறை. காயம் நன்றாக ஆறும், மிருகச் சவ்வுக்குப் பதிலாகவும் போடலாம். தனியாக அதுவே எலும்பு வளர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

எலும்பே வைக்காமல் முடியாதா?

சிலருக்கு முடியும். ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால் குட்டை இம்ப்ளாண்ட் வைக்கலாம். சைனஸின் சவ்வைத் தூக்கி, இம்ப்ளாண்டே அதைத் தாங்கி நிற்க, அடியில் வெறும் இரத்தம் உறைந்து எலும்பாகும் முறையும் இருக்கிறது. சாய்த்து வைப்பது, கன்ன எலும்பில் வைப்பது என்றும் வழிகள் உண்டு. கடைசியானது விசேஷ நிபுணருடைய வேலை. ஒன்றிரண்டு பல்தான் என்றால் பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ், அல்லது கழற்றி மாட்டும் பல். கழற்றும் பல்லை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நன்றாகப் பொருந்தினால் அதில் ஒரு குறையும் இல்லை.

வெற்றிலை போடுவேன். நிறுத்த வேண்டுமா?

ஆமாம். புகையிலை சேர்த்தால் கட்டாயம். சிகரெட், பீடி எதுவானாலும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, காயத்தை ஆறவிடாது. செய்வதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் நிறுத்தச் சொல்வார்கள். அந்த நாட்களைக் கடந்தவர்கள் திரும்பத் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது. நீண்டகாலம் பாக்கு மென்றவர்களுக்கு வாயின் உட்பக்கம் இறுகி, வாய் திறப்பதே குறைந்திருக்கும். அப்படியென்றால் இம்ப்ளாண்ட் பேச்சு பிறகு. அதை முதலில் வாய்நோய் நிபுணரிடம் காட்ட வேண்டும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிற வழி.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் ஒரு மாத்திரையும் போடுகிறார்.

சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. இரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைக்குக் காலையில் விரல் நுனியில் பார்த்த கணக்கு போதாது.

வாரத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, படுக்காமல் இருக்கச் சொல்கிற அந்த மாத்திரை பெரும்பாலும் அலெண்ட்ரோனேட். அது தாடை எலும்பு ஆறும் விதத்தை மாற்றுகிறது. அரிதாக எலும்பு செத்துப்போவதும் உண்டு. பல் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

செய்யும்போது என்ன நடக்கும்? வலிக்குமா?

மரக்க ஊசி போட்டு, முழித்திருக்கும்போதே செய்வார்கள். ஈறை விலக்கி, சைனஸின் பக்கச் சுவரில் விரல் நகமளவு ஜன்னல் ஒன்று திறப்பார்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சைனஸின் சவ்வு தெரியும். மூக்கால் மூச்சு விடச் சொன்னால் அந்தச் சவ்வும் கூடவே ஏறி இறங்கும். கிழியவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். சின்ன எஃகுக் கிண்ணத்தில் வெள்ளைக் குறுணலில் இரத்தமோ சேலைனோ விட்டுக் கிளறுவார்கள். உதிரியாக இருந்தது சிவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வைப்பார்கள், இறுக்கி அடைக்க மாட்டார்கள். நடுவில் இரத்தம் ஓட வேண்டுமல்லவா.

வலிக்காது, தட்டுவதும் அழுத்துவதும் தெரியும். எலும்பு ஓரளவு இருப்பவர்களுக்குப் பக்க ஜன்னல் இல்லாமல், திருகாணிக்குப் போடும் ஓட்டை வழியாகவே சவ்வைத் தூக்குவார்கள். சவ்வு கிழிவது சுமார் ஐந்தில் ஒருவருக்கு நடக்கிறது. சின்னக் கிழிசலை அங்கேயே மூடித் தொடரலாம். பெரிதென்றால் மூடிவிட்டுச் சில மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற டொக்டரைத் திட்டாதீர்கள், சரியான வேலை அதுதான்.

கொழும்பில் செய்துவிட்டு அன்றைக்கே நுவரெலியாவுக்கு ஏறலாமா?

காற்றழுத்தம் மாறினால் சைனஸுக்கு ஆகாது என்பதால் விமானத்தில் போகக்கூடாது என்று டொக்டர் தரும் தாளில் எழுதியிருக்கும், மலைப் பாதை பற்றி ஒன்றும் எழுதியிருக்காது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமே ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். அப்படிப் பார்த்தால் கடல் மட்டத்திலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவது, அழுத்தக் கணக்கில், விமானத்தில் ஏறுவதுக்குக் கிட்ட வருகிறது. ஆனால் விமானம் இருபது முப்பது நிமிடத்தில் மாற்றுவதை பஸ்ஸோ ரயிலோ பல மணித்தியாலத்தில் மாற்றுகிறது. மூக்கு திறந்திருந்தால் அழுத்தம் தானாகச் சமப்படும். மூக்கடைப்பு இருந்தால்தான் கரைச்சல். முடிந்தால் கண்டியில் செய்வது வசதி. சுமார் 500 மீட்டர்தான். இல்லையென்றால் ஓரிரு இரவு கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு ஏறலாமா என்று செய்தவரிடம் கேளுங்கள்.

தடிமன், பீனிசம் இருக்கும்போது செய்யவே வேண்டாம். மழையும் பனியும் மூடிக் கிடக்கும் மாதங்களில் அடிக்கடி மூக்கடைக்கிறவர்கள் வெயில் காலமாகத் திகதி கேட்டு வாங்குங்கள்.

எப்போது கொழுந்து பறிக்கப் போகலாம்?

இரண்டு வாரம் விட்டுவிடுவது நல்லது. குனிந்து நிமிர்வதும், தலையில் பட்டியை மாட்டிக் கொழுந்துச் சுமையை இழுப்பதும் முகத்தில் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். பல் சிகிச்சை என்றால் லீவு கிடைக்காது என்று பலர் மறுநாளே மலைக்கு ஏறிவிடுகிறார்கள். இது சத்திரசிகிச்சை, மருத்துவச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

அந்த இரண்டு வாரமும் மூக்குச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரோவில் உறிஞ்ச வேண்டாம். கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவர்களும் சங்கு ஊதுபவர்களும் டொக்டர் சொல்லும்வரை கருவியைத் தொடக்கூடாது. அப்புறம் தேத்தண்ணீர்: முதல் நாள் ஆறவைத்துத்தான் குடிக்க வேண்டும். இதைத்தான் இங்கே யாரும் கேட்பதில்லை.

பல் வைத்து முடிய எவ்வளவு காலம்?

நான்கு முதல் ஒன்பது மாதம் எலும்புக்கு, பிறகு இம்ப்ளாண்ட் ஒட்ட இன்னும் சில மாதம். முதலே ஐந்து மில்லிமீட்டர் அளவு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்வார்களா?

பல் பிடுங்குவதற்கும் நோய்க்கும் கட்டணமில்லை. இம்ப்ளாண்டும் எலும்புத் தூளும் பெரும்பாலும் தனியாரிடம்தான். பேராதனைப் பல் மருத்துவ பீடத்தின் ஆஸ்பத்திரி நமக்குக் கிட்ட இருக்கிறது. குழப்பமான நோய் உள்ளவர்கள் அங்கே கடிதத்தோடு போய் நிபுணரின் கருத்தைக் கேட்பது, பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. தூள் இறக்குமதிப் பொருள், கிராம் கணக்கில் விலை. ஒரு பக்கத்துக்கு ஒன்று இரண்டு கிராம் போவது சாதாரணம். ஸ்கேன், தூள், சவ்வு, இம்ப்ளாண்ட், மேலே வைக்கும் பல் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

எதைக் கண்டால் உடனே திரும்பிப் போக வேண்டும்?

முதல் சில நாள் மூக்கில் கொஞ்சம் இரத்தக் கசிவும் கன்னத்தில் வீக்கமும் இருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், மூக்கிலிருந்து நாற்றமுள்ள சளி வந்தால், தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால், மூக்கிலோ வாயிலோ குறுணல்கள் தொடர்ந்து விழுந்தால், காத்திருக்க வேண்டாம். ஒன்றிரண்டு குறுணல் தையல் ஓரமாக வருவது பெரிய காரியமில்லை.

இந்தியாவுக்குப் போய்ச் செய்தால் மலிவு என்கிறார்களே?

மலிவாக இருக்கலாம். பிரயாணம், தங்குமிடம், ஆறு மாதம் கழித்து மறுபடி போகும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு தொந்தரவு வந்தால் இங்கே ஒருவர்தான் பார்க்க வேண்டும். அவர் முதலில் கேட்பது, உள்ளே என்ன வைத்தார்கள் என்று. எங்கே செய்தாலும் தூள், சவ்வு, இம்ப்ளாண்ட் பெட்டிகளோடு தொகுதி இலக்கம் அச்சடித்த சிறு ஸ்டிக்கர் வரும். அதை உங்கள் கிளினிக் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், ஃபோனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.